நீலம் வரும்வரை

சிரிஞ்சின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது, விழுவதா வேண்டாமா என்று அதற்கே ஒரு முடிவு இல்லாததுபோல. சென்னியப்பன் அதை அவசரப்படுத்தவில்லை. கட்டைவிரலைக் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் இரண்டு துளி சேர்ந்து விழும். சேர்ந்து விழுந்தால் எந்தத் துளியில் நிறம் மாறியது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. இடது கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி, அதற்குள் கடல்நீர். கடல்நீர் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஈரோட்டு ரயில்வே காலனிக்குக் கடல் எங்கிருந்து வரும்? பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்கி அவனே செய்த கடல் அது. அலை அடிப்பதற்கு ஒரு மோட்டார் உண்டு; கரண்ட் போனால் கடல் நின்றுவிடும். தொட்டிக்குள் இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் நத்தை, பண்ணையில் வளர்த்து வெட்டி ஒட்டிய நாலைந்து பவளத்துண்டு. பவளத்துக்கு எலும்பு வேண்டும், நத்தைக்கு ஓடு வேண்டும், இரண்டுக்கும் நீரில் கால்சியம் வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் குப்பி. குப்பி நீரில் முதலில் சில சொட்டு ஒரு திரவம், அதன்மேல் ஒரு சிட்டிகைப் பொடி. கால்சியத்தைக் கண்டதும் பொடி ரோஜா நிறமாகும். பிறகு சிரிஞ்சிலிருந்து துளித்துளியாக இன்னொரு திரவம். ஒவ்வொரு துளியும் கொஞ்சம் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். கடைசிக் கால்சியமும் அகப்பட்ட நொடியில் ரோஜா போய் நீலம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். சிரிஞ்சில் எவ்வளவு செலவானதோ அவ்வளவு கால்சியம். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்துவிடும். துளி விழுந்தது. குப்பியைச் சுழற்றினான். ரோஜாவா? ரோஜா என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு துளி. வெளுத்த ரோஜா, மழையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி. இன்னொன்று. இதற்குள் வந்திருக்க வேண்டுமே. இன்னொன்று. குப்பிக்குள் ஏதோ கொஞ்சம் கருத்ததுபோல இருந்தது, அல்லது அவன் தலையின் நிழல் அதன்மேல் விழுந்தது. போதும் என்று நிறுத்தி, சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, உள்ளே இருந்த கறுப்பு ரப்பரின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தான். ஐந்நூற்று நாற்பது.

ஐந்நூற்று நாற்பது இருக்க முடியாது. அசல் கடலிலேயே நானூற்றுச் சில்லறைதான். வங்கக்கடலை விட இந்தத் தொட்டி உசத்தி என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது. தப்பு எங்கேயோ நடந்திருக்கிறது. தப்பு நடந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு, காரணத்தைத் தேடினால் கிடைக்கும். இருபத்தைந்து வருஷம் ரயில் ஓட்டியவனுக்கு இதைத் தவிர வேறு சமயம் கிடையாது. லாபியில் அவனுக்கு ‘விதிப்புத்தகம்’ என்று பெயர். வண்டி ஓட்டுகிறவர்கள் வந்து கையெழுத்துப் போட்டு வேலை வாங்கிக்கொண்டு போகிற அலுவலகத்துக்கு லாபி என்று பெயர் வைத்தவன் எவனோ, ஏதோ ஓட்டலில் தங்கி வந்தவனாக இருக்க வேண்டும். அங்கே யாருக்காவது ஒரு விதியின் எண் மறந்தால் சென்னியப்பனைக் கேட்பார்கள். எண்ணோடு உட்பிரிவும் கிடைக்கும், கேட்காத அடிக்குறிப்பும் கிடைக்கும். எனவே இப்போதும் அவன் வரிசையாகப் போனான். ஒன்று, சிரிஞ்சில் காற்று. நுனியில் எப்போதும் ஒரு காற்றுக்குமிழ் நிற்கும், அதைத் திரவம் என்று நினைக்கக் கூடாது. நினைக்கவில்லை. இரண்டு, பொடி பழசாகியிருக்கலாம். டப்பாவில் தேதி இருந்தது, தேதி சரியாகவே இருந்தது. மூன்று, குப்பி. குப்பியை எதில் கழுவினான்? சமையலறைக் குழாயில். குழாயில் வருவது போர் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பற்றி ஊருக்கே தெரியும். பக்கெட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது, கெய்சரைப் பிரித்தால் உள்ளே ஒரு குகையே வளர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு என்றால் என்ன, கால்சியம்தானே! குப்பியின் சுவரில் ஒட்டியிருந்த நாலு சொட்டுப் போர் தண்ணீர் கணக்கை ஏற்றிவிட்டிருக்கிறது. சென்னியப்பனுக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. அவ்வளவு பெரிய நிம்மதி வந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை. நாலு சொட்டு நூறுக்கும் மேல் ஏற்றுமா? ஏற்றாது என்று அவனுக்குள் யாரோ அடிக்குறிப்பு சொன்னார்கள். ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தான். லாபி இல்லை, யாரோ கடன் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிய செய்தி. லாபி கூப்பிடும். இன்றைக்கு ராத்திரி வண்டிக்கு அவன் பெயர்தான் முதலில் நிற்கிறது, சாயங்காலத்துக்குள் கட்டாயம் கூப்பிடும்.

முதலில் இந்தப் பரிசோதனைக்கு என்ன அவசியம் வந்தது என்று பார்க்க வேண்டும். தொட்டிப் பாறைகளின்மேல் ஒரு பூச்சு படரும். அதுவும் ஒரு பாசிதான், ஆனால் கல் மாதிரி இறுகி, ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறத்தில் பாறையை மூடிக்கொள்ளும். அது வந்துவிட்டால் தொட்டி தேறிவிட்டது என்று அர்த்தம். போன வருஷம் அது வந்தபோது சென்னியப்பன் ரன்னிங் ரூமில் எல்லோருக்கும் போனில் படம் காட்டினான். ஊர் விட்டு ஊர் வந்து தூங்கி எழுந்த டிரைவர்கள் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, ‘இது என்னண்ணா, கல்லுக்குச் சொறி வந்த மாதிரி?’ என்றார்கள். அந்தப் பூச்சு இப்போது வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் ஓரங்களில். பிறகு மொத்தமாகச் சாம்பல். கால்சியம் குறைந்தால் வெளுக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் தினமும் ஒரு மூடி கால்சியக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு வந்தான். ஊற்ற ஊற்ற வெளுத்தது. இன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன சாந்தாமணியை நிறுத்தி, ‘பாரு சாந்தா, எப்படி வெளுத்துக் கெடக்குது,’ என்று காட்டினான். அவள் ஈரக்கையோடு குனிந்து பார்த்தாள். ‘எங்கீங்க வெளுத்துக் கெடக்குது? போன மாசத்துக்கு இப்ப இன்னும் செவசெவன்னு இருக்குதுங்களே. மருதாணி அரைச்சு அப்பின மாதிரி.’ சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சென்னியப்பன் பாறையைப் பார்த்தான். பாறை சாம்பலாக இருந்தது. செவசெவ என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும், அந்தச் சொல் அவனிடம் இருந்தது. அதற்கு உரிய பொருள்தான் பாறையின்மேல் இல்லை. அப்போதுதான் அவன் பரிசோதனைப் பெட்டியை எடுத்தான். கால்சியம் குறைவாக இருந்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டு எடுத்தான். குறைவாக இருந்தால் பாறை நிஜமாகவே வெளுத்திருக்கிறது, சாந்தாமணிதான் கவனிக்காமல் பேசுகிறாள். அவள் எதைத்தான் கவனித்துப் பார்க்கிறாள்? நல்லவேளையாகக் கவனிப்பதில்லை. தக்காளி விஷயத்தில் கவனித்தாள். ‘சந்தைக்கு அனுப்புனா பூராவும் காயாப் பொறுக்கிட்டு வந்திருக்கீங்க, ரசம் வைக்கறதா ஊறுகாய் போடறதா?’ என்றாள். அது வியாபாரி கைவரிசை. பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, ‘இந்தச் சாம்பல் கலர் உனக்கு எடுப்பா இருக்குது,’ என்று அவன் சொன்னதற்குத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ‘கண்ணாலத்துக்கு முன்னாடி ஒரு தடவையாவது என்னைச் சரியாப் பார்த்தீங்களா இல்லையா?’ அது ரோஜா நிறப் புடவையாம். ஆண்கள் புடவையின் நிறத்தைச் சரியாகச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. பதில்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகவே நின்றது. சேர்த்துப் பார்க்கத்தான் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

சேர்த்துப் பார்த்தால் மாத்திரை வரும். ஐப்பசியில் கழுத்தின் ஓரம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் அன்றைக்கே பெயருக்கு நேரே ‘சிக்’ என்று எழுதி, வண்டியிலிருந்து இறக்கி, லாபியில் ஒரு மேஜையைக் காட்டி உட்கார வைத்திருப்பார்கள். வருகிற டிரைவர்களுக்கெல்லாம் மூச்சுச் சோதனைக் குழாயை நீட்டிக்கொண்டிருக்கும் சென்னியப்பன். அதை அவனால் நினைக்க முடியவில்லை. ஆகவே கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனான். டி.பி. என்றார், கட்டியில்தான், நெஞ்சில் இல்லை, யாருக்கும் ஒட்டாது, ஆறு மாசம் மாத்திரை தின்றால் போய்விடும். சாந்தாமணி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் அந்த அம்மா பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: ‘இதுல ஒரு மாத்திரை கண்ணு நரம்பைப் பிடிக்கும். எல்லாருக்கும் இல்லை. சிவப்பு பச்சை வெளுத்த மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே அதை நிறுத்திட்டு ஓடி வந்துடணும். சீக்கிரம் வந்தா திரும்பிடும். லேட்டாச்சுன்னா நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். என்ன வேலை பார்க்கறீங்க?’ சென்னியப்பன், ‘ரயில்வேல,’ என்றான். பொய் இல்லை. ரயில்வேயில் டிக்கெட் கிழிக்கிறவனும் உண்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவனும் உண்டு. அந்த அம்மா மேற்கொண்டு கேட்காதது அவர் தப்பு. அடுத்த வாரம் ரயில்வே டாக்டரிடம் கண் பரிசோதனை வருகிறது, இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று விதிப்படி வருவது. அதைப் பற்றி அவனுக்குப் பயம் இல்லை, பயம் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் அங்கே காட்டுவது புள்ளிப் படங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கிற எண்ணைச் சொல்ல வேண்டும். சென்னியப்பனுக்கு அத்தனையும் வரிசையாக மனப்பாடம். வேண்டுமென்று படித்ததில்லை, ஒரு விஷயத்தை இரண்டு முறை பார்த்தால் அது அவன் தலையில் உட்பிரிவோடு ஏறிக்கொள்ளும். டாக்டர் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். பன்னிரண்டு, எட்டு, அப்புறம் அப்புறம் என்று கண்ணை மூடிக்கொண்டே தேறிவிடுவான். கையெழுத்தாகிவிடும். கண் சரியாக இருக்கிறது என்று ஒரு முத்திரையும் விழும். இந்தக் குப்பியை மட்டும் மனப்பாடம் செய்ய வழியில்லை. எந்தத் துளியில் நீலம் என்பது ஒவ்வொரு முறையும் குப்பிக்குள்தான் இருக்கிறது.

எட்டு நாளாக அவன் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிற இடம் ஒன்று உண்டு. சேலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு வளைவு தாண்டி, அடுத்த சிக்னலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிற டிஸ்டன்ட் சிக்னல். வண்டியில் இருவர், இவன் ஓட்டுகிறான், இடது பக்கம் உதவி டிரைவர் ரெம்யா, ஒத்தப்பாலத்துப் பெண், கணீரென்று குரல். ஒவ்வொரு சிக்னலையும் இருவரும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் பார்த்து, ‘பச்சை’ என்றால் மற்றவர் தானும் பார்த்து, ‘பச்சை’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தானும் பார்த்து என்பதுதான் அதில் உயிர். வெறுமே திருப்பிச் சொன்னால் கிளிக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்துவிடலாம் என்று, புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கையில் சென்னியப்பனே சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில் சிரிப்பதற்கு ஒரு இடைவெளியும் விடுவான். அன்று அந்த வளைவில் ரெம்யா, ‘டபுள் மஞ்சள்!’ என்றாள். இவன், ‘டபுள் மஞ்சள்,’ என்றான். வேகத்தைக் குறைத்தான், எல்லாம் ஒழுங்காக நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூங்கும் பெட்டியில் புரண்டு படுத்தவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. ஆனால் அவன் பார்த்தானா, கேட்டானா? பார்த்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தில் நிறம் இல்லை. இரண்டு வெளிச்சம் இருந்தது, ஒன்றின்மேல் ஒன்று. அவற்றுக்கு மஞ்சள் பூசியது ரெம்யாவின் குரல். இரண்டு வெளிச்சம் எரிந்தால் அது டபுள் மஞ்சளாகத்தான் இருக்க முடியும், அதனால் அவனாகவே கண்டுபிடித்திருப்பான். பகலில் கம்பத்தின் எந்த இடத்தில் எரிகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம், சிவப்பு அடியில் இருக்கும். இருட்டில் கம்பம் எங்கே தெரிகிறது? ஒரே ஒரு வெளிச்சம், அடி எது முடி எது என்று தெரியாமல் ஆகாயத்தில் ஒரு பொட்டு, அப்போது ரெம்யாவுக்கு ஒரு தும்மல் வந்தால்? அல்லது அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்தால்? கடந்த சில வாரமாக அவளை முந்திச் சொல்ல விடுகிறான். அவளுக்குப் பயிற்சி வேண்டாமா என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான். ‘எந்தா சாரே, இப்பல்லாம் என்னைத்தான் முதல்ல விளிக்க விடறது? ப்ரமோஷன் வாங்கித் தருவீங்களோ?’ என்றுகூட அவள் கேட்டாள். இவன் சிரித்தான். பின்னால் இருபத்துச் சொச்சம் பெட்டி. ஜன்னல் ஓரத்தில் யாரோ ஒரு குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருப்பார்கள். ஊட்டுகிறவளுக்கு முன்னால் ஓட்டுகிறவன் யார் என்று எதற்குத் தெரிய வேண்டும். சென்னியப்பன் கையில் இருந்த குப்பி வழுக்கியது. கீழே வைத்தான்.

இரண்டாம் முறை குப்பியை ஆர்.ஓ. தண்ணீரில் கழுவினான். கழுவியதோடு விடாமல், சோதிக்கப்போகிற தொட்டி நீரிலேயே இருமுறை அலசிக் கொட்டினான். அப்படிச் செய்தால் சுவரில் ஒட்டி நிற்பதும் அதே நீராக இருக்கும், கணக்குக் கெடாது. துல்லியம் என்கிற சொல்லுக்கு வேரில் சமம் என்றுதான் பொருள், தராசின் இரண்டு தட்டும் ஒன்றாக நிற்பது. ரன்னிங் ரூமில் யாரோ விட்டுப்போன அட்டை கிழிந்த அகராதியில் படித்தது. உபயோகம் இல்லாதது எதுவும் அவனுக்கு மறப்பதில்லை. துளி, சுழற்று, பார். துளி, சுழற்று, பார். கோமாளி மீன்களில் பெரியது கண்ணாடிக்கு அருகே வந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் ஆரஞ்சு எங்கே போயிற்று? வெயிலில் வைத்த துணி மாதிரி இருக்கிறாயே என்று கேட்டான். அது வாயைத் திறந்து மூடிற்று. ஐந்நூற்று அறுபது. முன்னைவிட அதிகம். கோட்டை மறுபடி எண்ணிப் பார்த்தான். பிறகு, சிரிப்பு வருகிற அளவுக்கு எளிதாக, காரணம் கிடைத்தது: விளக்கு! தொட்டிக்கு மேலே எரிவது நீல விளக்கு. பவளத்துக்குப் பிடித்தது நீலம், ஆகவே அந்த மூலை முழுக்க நீலமாகத்தான் இருக்கும். நீல வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு நீலம் வந்துவிட்டதா என்று தேடுகிற மடையன் உலகத்தில் வேறு யாராவது உண்டா? வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். தக்காளியும் புடவையும் எந்த நீல விளக்கின் கீழே இருந்தன என்று அடிக்குறிப்பு கேட்டது. அதை அடக்கிவிட்டு எழுந்தான். சரி, வெயிலில் பார்ப்போம். தொட்டி நீரைப் பார்க்க வேண்டாம், தினம் ஒரு மூடி ஊற்றியதில் அது நிஜமாகவே ஏறியிருக்கலாம். பெட்டியின் அடியில் இன்னொரு சின்னப் புட்டி உண்டு, இதுவரை திறக்காதது. அதில் இருப்பது அளந்து கரைத்த நீர்; பரிசோதிக்கிறவன் சரியாகச் செய்கிறானா என்று பரிசோதிப்பதற்கான நீர். கால்சியம் நானூற்று இருபது என்று அதன் வயிற்றில் அச்சிட்டிருந்தது. நானூற்று இருபது வந்தால் கையும் சரி, கண்ணும் சரி. ராத்திரி வண்டிக்குப் போகலாம். புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்கட்டுக் கதவைத் திறந்தான்.

பின்கட்டில் மேற்கு வெயில் சரிந்து அடித்துக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாந்தாமணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கல்லின்மேல் வெள்ளைத்தாளை விரித்துக் குப்பியை வைத்தான், புட்டி நீரை அதில் அளந்து ஊற்றிவிட்டுப் புட்டியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டான். ‘அங்க மீனுக்கு வைத்தியம் முடிஞ்சுதுங்களா? இப்பத் துவைக்கற கல்லுக்கா?’ என்றாள். ‘ஒரு உதவி பண்ணு. இந்தக் கலர் மாறும். மாறுனதும் நான் சொல்றேன். நீ முந்திச் சொல்லிப்போடாதே. நான் சொன்னதுக்கப்புறம், மாறியிருக்குதா இல்லையான்னு நீ பார்த்துச் சொல்லு.’ ‘ஓ, டூட்டிங்களா?’ என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் போகும்போது அவளுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தான். பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் அவள் பின்னாலிருந்து, ‘பச்சை!’ என்று கத்த, இவன், ‘பச்சை!’ என்று கத்த, பக்கத்து பஸ்காரன் தலையை நீட்டிப் பார்ப்பான். பிறகு வருஷங்களில் அது தேய்ந்து நின்றுபோயிற்று. நின்றுபோயிற்றா? இப்போது கொஞ்ச நாளாக அவள் மறுபடி சொல்கிறாளே. தோளைத் தொட்டு, மெதுவாக, ‘செவப்புங்க,’ என்கிறாளே. வயதாகிறது, பயந்துகொள்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அந்த நினைப்பின்மேல் நிற்காமல் பொடியைக் கொட்டினான். துளி. குப்பியைச் சுழற்றினான். சாந்தாமணி மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள், மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் குப்பியைப் பார்த்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் கண்ணாடி வளையல்கள் சரிந்து சத்தம் போட்டன. துளி. வெளுத்த ஒன்று, ரோஜா என்று தெரிந்திருப்பதால் ரோஜா. துளி. வளையல். துளி. வளையல். நல்ல வெயில், வெள்ளைத்தாள், சுத்தமான குப்பி, இனி குற்றம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. துளி. வளையல் சத்தம் கேட்கவில்லை.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. துணி தீர்ந்திருக்கலாம். ஆனால் கடைக்கண்ணில் துணிக்குவியல் அப்படியே கிடந்தது, அவள் கையில் அவனுடைய பனியன் பாதி மடித்தபடி நின்றது. குப்பிக்குள் அதே வெளுத்த ஒன்று. இப்போது, ‘நீலம்,’ என்று சொல்லிவிட்டால் போதும். சொன்னால் அது சரியாக இருக்கும். அவனுக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது, நிறத்தை விட நிச்சயமாக. சிரிஞ்சைத் தூக்கினால் ரப்பர் நானூற்று இருபதில் நிற்கும், கையும் சரி, கண்ணும் சரி, லாபி கூப்பிடும், போவான், ரெம்யா கூவுவாள், இவன் திருப்பிக் கூவுவான், புள்ளிப் புத்தகத்தில் முத்திரை விழும். யாரும் தும்மாதவரை ஓடிக்கொண்டே இருக்கலாம். வாய் திறந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டும் விட்டது. வளையல் நின்றதைக் கேட்டாய், நீலத்தைப் பார்க்கவில்லை, என்றது உள்ளே இருந்த விதிப்புத்தகம். உலகத்திலேயே தாங்க முடியாத பிராணி அது, அவன் மனைவியைக் கேட்டால் சொல்வாள். வாயை மூடினான். துளி. சுழற்றினான். வெயில் கழுத்தில், கட்டி இருந்த இடத்தில் சுட்டது. துளி. ஸ்டேஷன் பக்கம் ஒரு எஞ்சின் நீளமாகக் கூவிற்று. மின்சார எஞ்சின், கையை ஹாரனிலிருந்து எடுக்கத் தெரியாத புது ஆள். துளி. துளி. துளி. இன்னும் எத்தனை? அவனுக்கு இப்போது இது முடியாமலே போனாலும் பரவாயில்லை என்று இருந்தது, சிரிஞ்சு தீராமல், சாயங்காலம் ஆகாமல், வாழ்க்கை முழுக்கத் துவைக்கிற கல்லின்மேல் துளி விட்டுக்கொண்டு. துளி. குப்பிக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் கருத்தது. நிழல் இல்லை, தலையை நகர்த்தியும் பார்த்துவிட்டான். இதுதான் அவனுக்குக் கிடைக்கப்போகிற நீலம்.

‘நீலம்,’ என்றான்.

சாந்தாமணி பனியனை முழுக்க மடித்தாள். மடித்ததை மடியில் வைத்து ஒருமுறை தடவினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்கூட்டரில் சொல்வாளே அதே குரலில், ‘நீலம்ங்க,’ என்றாள். ‘கரெக்ட்டா இப்பத்தான் மாறுச்சு.’

அவன் சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினான். வெள்ளைக் குழாய், கறுப்புக் கோடு, கறுப்பு எண். இதைப் படிக்க நிறம் வேண்டியதில்லை. ரப்பரின் விளிம்பு ஐந்நூற்று ஐம்பதில் நின்றது. சட்டைப்பையில் இருந்த புட்டி நானூற்று இருபது என்றது. நடுவில் இருந்த அத்தனை துளியையும் அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் சிரிஞ்சை வெள்ளைத்தாளின்மேல், உருண்டுவிடாதபடி, மெதுவாக வைத்தான். இருவரும் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்ன பார்த்தாளோ, அவனுக்குத் தெரியாது. உள்ளே ஃபிரிட்ஜின்மேல் போன் அடிக்க ஆரம்பித்தது. இந்தமுறை கடன்காரன் இல்லை, லாபிக்கு என்று தனியாக ஒரு மணி வைத்திருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. சாந்தாமணி எழுந்து போய் எடுத்துவந்தாள். அவனிடம் நீட்டினாள், கொடுக்கவில்லை. நீட்டிய கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

‘சாந்தா. எப்ப மாறுச்சு?’

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது அந்தப் பொங்கல் புடவை என்று, துணியின் ஓரத்தில் இருந்த கட்டத்தை வைத்து அவன் கண்டுகொண்டான்.

‘ரொம்ப முன்னாடியேங்க.’

‘ரொம்ப முன்னாடி,’ என்று சென்னியப்பன் திருப்பிச் சொன்னான். போனை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து வாங்கிக் காதில் வைத்தான். ‘அண்ணா, எங்க போயிட்டீங்க? ராத்திரி சென்னை வண்டி, ரெம்யாதான் கூட வருது. டூட்டி போட்டுக்கட்டுங்களா?’ என்றான் லாபியில் இருந்த ஜெரால்டு. அவன் குரலுக்குப் பின்னால் யாரோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது. சென்னியப்பன் துவைக்கிற கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

‘ஜெரால்டு, எழுதிக்கோ. சென்னியப்பன், சிக். கண்ணு.’

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. லாபியில் வாங்குகிற எந்தச் செய்தியையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. ஜெரால்டுக்கு அதை வகுப்பெடுத்தவனும் இவன்தான். பிறகு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அது திரும்பி வந்தது.

‘சென்னியப்பன். சிக். கண்ணு.’